மணலியா, நுங்கம்பாக்கமா?

எண்ணெய்த் துறையில் அதிகாரியாக வளர நினைப்பவருக்குச் சென்னையிலேயே இரண்டு வழி உண்டு. என்னைக் கேட்டால் மணலி சுத்திகரிப்பு ஆலைதான். 1965-இல் மத்திய அரசும் அமெரிக்க எண்ணெய் நிறுவனமான அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. 1969-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு ஓட ஆரம்பித்து, இப்போது 105 லட்சம் டன்னுக்கு வளர்ந்திருக்கிறது. ஷிப்ட் வேலை கடினம்தான். தீபாவளி இரவிலும் உலை அணையாது. ஆனால் கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது எந்தச் சூட்டில் பெட்ரோலுக்கு மூலமான நாப்தா பிரியும், எதில் டீசல் பிரியும் என்பதெல்லாம் அங்கேதான் கைவரும். நாளைக்கு மேலாளராகி, ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் தேதியைக் குறிக்கும்போது அந்த அனுபவம் வேண்டும்.

இன்னொரு வழி விற்பனைப் பிரிவு. அது என்றால் நுங்கம்பாக்கத்து அலுவலகம், பங்க் டீலர்கள், டேங்கர் லாரிகள், அப்புறம் ஊர் ஊராகப் பயணம். மனிதர்களோடு பழகப் பிடித்தவர் தாராளமாக அங்கே போகலாம்.