மியூச்சுவல் கனெக்‌ஷன் 14 பேர்

ஏப்ரலில் வேலை போனது. ஆறு வருட சாஃப்ட்வேர் டெஸ்டிங் அனுபவம் இருக்கே, பார்த்துக்கலாம் என்று லிங்க்ட்இன் படத்தைச் சுற்றி 'ஓப்பன் டு வொர்க்' பச்சை வளையத்தை மாட்டினேன். (வளையம் போட்டால் வேலை வருகிறதோ இல்லையோ, இந்த மோசடிக் கூட்டம் வந்துவிடுகிறது.) மறுநாளே ஒரு பெண் எச்ஆரிடமிருந்து மெசேஜ். பெரிய கம்பெனி, வீட்டிலிருந்தே வேலையாம்.

எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் அவர் லிங்க்ட்இன் பக்கத்தில் மியூச்சுவல் கனெக்‌ஷன் 14 பேர் (எங்கள் இருவர் தொடர்பிலும் இருப்பவர்கள்), அதில் ஒருவர் என் காலேஜ் சீனியர். அண்ணனுக்கே தெரிந்தவர் என்றால் சரிதான் என்று நானே முடிவு கட்டி, அவரை அக்செப்ட் பண்ணிவிட்டேன்.

இன்டர்வியூ டெலிகிராமில். முகமும் இல்லை, குரலும் இல்லை, எல்லாம் டைப்பிங். அடுத்த நாள் சீல் வைத்த ஆஃபர் லெட்டர். லேப்டாப் கூரியரில் வரும், டெபாசிட் 8,500 ரூபாய், முதல் சம்பளத்தோடு திரும்பக் கிடைக்கும் என்றார்கள். யுபிஐ பின் போடப் போனால் திரையில் கம்பெனி பெயர் இல்லை, யாரோ ஒரு ஆளின் பெயர். கை நின்றது. கேட்டேன். "எங்க வெண்டர் சார்" என்று உடனே பதில். போட்டுவிட்டேன்.

மறுநாள் கூரியர் இன்சூரன்ஸுக்கு இன்னொரு 4,200 கேட்டபோதுதான் உறைத்தது. அவமானத்தில் இரண்டு நாள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. பிறகு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்தால், பணம் அந்தக் கணக்கைத் தாண்டிப் போயிருந்தது. உடனே கூப்பிட்டிருந்தால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும். மானம் பார்க்காதீர்கள், முதலில் போனை எடுங்கள்.

அப்புறம்தான் ஒன்று கற்றுக்கொண்டேன். ஒருவரின் லிங்க்ட்இன் பக்கத்தில் 'மோர்' பொத்தானுக்குள் போய் 'அபவுட் திஸ் ப்ரொஃபைல்' பார்த்தால், எந்த மாதம் லிங்க்ட்இனில் சேர்ந்தவர் என்று காட்டும். பத்து வருட அனுபவம் போட்டிருந்த அந்த அம்மா சேர்ந்ததே முந்தின மாதம்.

சீனியருக்கு போன் போட்டேன். "யார்றா அது? எச்ஆர்னு இருந்தா எல்லாரையும் அக்செப்ட் பண்ணி வெச்சிருவேன்."

அவரைத் திட்டலாம் என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என் ஜூனியர் ஒருத்தி கூப்பிட்டாள். அதே எச்ஆர், அதே 8,500.

"அவங்க லிஸ்ட்ல உங்க பேர் இருந்துச்சுண்ணா. அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேன்."