புரோநோட்டை நம்பி விற்ற வீடு: ஆறு வருட அனுபவம்

2019 மே மாதம், டெக்சாஸின் சான் அன்டோனியோவில் வாடகைக்கு விட்டிருந்த சின்ன வீட்டை விற்றேன். விலை 1,80,000 டாலர். வாங்கியவர் ஏசி மெக்கானிக், சொந்தத் தொழில். கையில் நன்றாகவே காசு புழங்கும். ஆனால் வருமான வரிக் கணக்கில் அதைக் கழி, இதைக் கழி என்று கழித்துக் காட்டியதில் வங்கியின் கண்ணுக்கு அவர் ஏழை. கடன் கிடைக்கவில்லை. "30,000 முன்பணம் தருகிறேன், மீதியை மாதாமாதம் உங்களுக்கே கட்டிவிடுகிறேன்" என்றார். செல்லர் ஃபைனான்சிங் என்று இங்கே சொல்வது இதைத்தான்.

திருச்சியில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னேன். "புரோநோட்டை நம்பி வீட்டை எழுதிக் குடுத்துட்டியாடா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் புரோநோட்டோடு விஷயம் முடிவதில்லை. கூடவே டீட் ஆஃப் டிரஸ்ட் என்ற அடமானப் பத்திரத்தையும் எழுதி, கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கிளார்க் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுவார்கள். டெக்சாஸில் தவணை நின்றுபோனால் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைய வேண்டியதில்லை. முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். நான் துணிந்ததற்கு அதுதான் காரணம். என் பேரில் வீட்டுக்கடன் எதுவும் பாக்கி இல்லை என்பதும் முக்கியம். இருந்திருந்தால், வீடு கைமாறியதும் மொத்தப் பணத்தையும் கட்டு என்று என் வங்கி கேட்டிருக்கலாம்.

1,50,000 டாலருக்கு நோட்டு. 7 சதவீத நிலையான வட்டி, 30 வருடம், மாதம் 997.95 டாலர். முதல் தவணை ஜூலை 1 அன்று வந்தது. அதில் 875 டாலர் வட்டி, அசலில் கழிந்தது 122.95 மட்டும். வாங்கியவருக்கு வயிற்றெரிச்சல், எனக்கு மகிழ்ச்சி. நோட்டை, அதாவது இனி வரும் தவணைகளை வாங்கும் உரிமையை, விற்கப் போகும்போது இதே கணக்கு வேறு முகம் காட்டும், அதற்கு வருகிறேன்.

வரி விஷயத்தில் ஒரு இடத்தில் சறுக்கினேன். விற்ற லாபத்தைத் தவணை வரவரக் காட்டினால் போதும், அதற்கு 6252 என்ற படிவம் இருக்கிறது என்பது தெரியும். ஆனால் வாடகை வீடாக இருந்த காலத்தில் தேய்மானமாகக் கழித்த தொகைக்கான லாபம்தான் வரும் பணத்தில் முதலில் கணக்காகும், அதற்கு 25 சதவீதம் வரை வரி என்பது தெரியாது. வாங்கிய முன்பணத்தில் ஒரு பகுதி அப்படியே வரிக்குப் போனது.

2020 வசந்தத்தில் இரண்டு தவணைகள் தாமதமாக வந்தன. அந்த நேரத்தில் யாருக்குத்தான் தாமதமாகவில்லை? ஆகஸ்டுக்குள் கட்டி முடித்தார். என் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. 2021 பிப்ரவரியில் ஏதோ ஒரு எண்ணத்தில் கவுன்டி வரித் தளத்தில் அந்த விலாசத்தைப் போட்டுப் பார்த்தேன். சொத்துவரி கட்டப்படவில்லை. ஜனவரி 31-க்குள் கட்டியிருக்க வேண்டும். பிப்ரவரி பிறந்ததும் அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம் ஏறியிருந்தது. ஜூலை வரை விட்டால் வக்கீல் செலவும் சேரும். இதில் பெரிய ஆபத்து, சொத்துவரிப் பாக்கி என் அடமானத்துக்கு முன்னால் நிற்கும். அவர் தவணையைத் தவறாமல் கட்டிக்கொண்டே இருந்தாலும், கவுன்டி அந்த வீட்டை ஏலம் போட்டால் என் நோட்டு வெறும் காகிதம்தான். போன் செய்தேன். "அது உங்க தவணையிலயே சேர்ந்துடும்னு நினைச்சேன்" என்றார். வங்கிக் கடனில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்பதால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. தப்பு என்னுடையது. அதன் பிறகு மாதம் 25 டாலருக்கு ஒரு சர்வீசிங் நிறுவனத்தை வைத்தேன். தவணையோடு வரி, காப்பீட்டுப் பணத்தையும் அவர்களே வசூலித்துக் கட்டிவிடுகிறார்கள். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

2022-இல் மகளுக்குக் கல்லூரி. கிட்டத்தட்ட 45,000 தேவைப்பட்டது.

பத்திரம் பதிவான நாளிலிருந்தே "உங்கள் நோட்டைப் பணமாக்குங்கள்" என்று போஸ்ட்கார்டுகள் வந்துகொண்டிருந்தன. ஒரு தரகரைக் கூப்பிட்டேன். 36 தவணை முடிந்து அசல் பாக்கி 1,45,091. அவர் 1,18,000 தருகிறேன் என்றார். ஆறு வாரம் காகிதம் காகிதமாகக் கேட்டார்கள்: தவணை வந்ததற்கு வங்கி ஆதாரம், காப்பீடு, வாங்கியவரின் கிரெடிட் ஸ்கோர், வீட்டின் மதிப்பீடு. கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்னால், "மதிப்பீடு எதிர்பார்த்தபடி இல்லை, 1,03,000தான்" என்று போன். கோபத்தில் எக்செல்லைத் திறந்தேன். மீதி 324 தவணைகளை வருடத்துக்கு 11 சதவீத லாபம் எதிர்பார்க்கும் ஒருவர் இன்றைக்கு என்ன விலைக்கு வாங்குவார் என்று போட்டால் ஏறக்குறைய 1,03,200 வருகிறது. அதாவது கடைசியில் சொன்னதுதான் சந்தை விலை. முதலில் சொன்னது தூண்டில் புழு.

அந்த எக்செல்லில்தான் எனக்கு வழி தெரிந்தது. முழு நோட்டையும் ஏன் விற்க வேண்டும்? அடுத்த 60 தவணைகளை மட்டும் விற்றால்? பார்ஷியல் என்பார்கள். வேறொரு முதலீட்டாளர் அதே 11 சதவீதக் கணக்கில் 45,900 கொடுத்தார். 2022 ஜூலை முதல் 2027 ஜூன் வரை வரும் தவணைகள் அவருக்கு. அதன் பிறகு நோட்டு என்னிடம் திரும்பும்போது பாக்கி அசல் 1,34,238 இருக்கும். ஆரம்ப வருடங்களில் தவணையில் பெரும்பகுதி வட்டி என்பதால், ஐந்து வருடத் தவணைகளைத் தூக்கிக் கொடுத்தும் அசல் 11,000 கூடக் குறையவில்லை. இதில் மாயமொன்றும் கிடையாது. முழுசாக விற்றாலும் அதே 11 சதவீதம்தான். எனக்குத் தேவைப்பட்ட பணத்துக்கு மட்டும் அந்த விலையைக் கொடுத்தேன், அவ்வளவே. முழு நோட்டையும் விற்றிருந்தால் தள்ளிவைத்த லாபத்துக்கான வரியும் அந்த வருடமே மொத்தமாக வந்திருக்கும். பார்ஷியலின் வரிக் கணக்கும் அத்தனை எளிதல்ல, கணக்கருக்கே இரண்டு நாள் பிடித்தது.

கடைசி நேரத்தில் ஒரு கூத்து. அசல் நோட்டு, வாங்கியவர் மையில் கையெழுத்துப் போட்டது, வேண்டும் என்றார்கள். நகல் செல்லாது. வீடு முழுக்கத் தேடி, கடைசியில் மகளின் நாலாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டுகளுக்கு நடுவில் கிடைத்தது. இப்போது பேங்க் லாக்கரில். காசோலைக்குப் பின்னால் எழுதுவது போல அதில் உரிமை மாற்றி எழுதும்போது, வாங்கியவர் கட்டாவிட்டால் நான் பொறுப்பல்ல என்ற வாசகம் இருக்கிறதா என்று என் வக்கீல் இரண்டு முறை பார்த்தார்.

போன மாதம் அந்த மெக்கானிக்கே எங்கள் வீட்டு ஏசியைப் பார்க்க வந்தார். வேலை முடித்துக் கை துடைத்துக்கொண்டே, 10,000 டாலர் சேர்த்து வைத்திருப்பதாகவும், அசலில் கட்டலாமா என்றும் கேட்டார். அன்று இரவு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். கூடுதலாக வரும் பணம் முதலில் முதலீட்டாளருக்குப் போகும், அதற்கேற்ப அவருக்குச் சேர வேண்டிய தவணைகள் குறையும். அப்படியானால் நோட்டு 2027 ஜூன் வரை காத்திருக்காது. கட்டச் சொல்லி மெக்கானிக்குக்கு மெசேஜ் அனுப்பினேன்.