மூன்றாவது முறை வாங்கிய பிரேக் பேட்

இங்கிலாந்தின் செஷயரில் உள்ள ஓல்ட்டன் பார்க் பந்தயத் தடத்தில் லாட்ஜ் என்று ஒரு வளைவு இருக்கிறது. ட்ரூயிட்ஸ் என்ற வேகமான வளைவைத் தாண்டி வந்த கையோடு வேகத்தை அடக்கி வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடம். போன ஆண்டு கோடையில், பொதுமக்கள் தங்கள் கார்களை ஓட்டும் நாளொன்றில், ஆறாவது சுற்றில் அங்கே பிரேக்கை மிதித்தேன். மிதி கல்லாக நின்றது. காரோ எனக்குக் காது கேட்கவில்லை என்பது போலப் போய்க்கொண்டே இருந்தது. எப்படியோ திருப்பித் தடத்துக்குள்ளேயே நிறுத்திக்கொண்டேன். ஓய்விடத்துக்கு வந்து இறங்கியபோது முன் சக்கரங்களிலிருந்து கருகிய வாடை.

அன்றிரவு நாமக்கல்லில் இருக்கும் அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் ஒரு காலத்தில் கொல்லிமலை செம்மேட்டிலிருந்து பலாவும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளை மெட்டடோர் வேனில் இறங்கியவர். எடுத்தவுடனே கேட்டார்: “கண்ணு, மிதி கல்லாக நின்றதா, பஞ்சாக உள்ளே போனதா?”

இந்த ஒரு கேள்வியில் பாதி விடை இருக்கிறது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் உராய்வுத் துண்டுதான் பேட். அது தன் வெப்ப வரம்பைத் தாண்டினால் மிதி இறுகியே இருக்கும், பிடிப்பு மட்டும் போய்விடும். பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டானால் மிதி பஞ்சாக இறங்கும். எனக்கு நின்றது கல். ஆகவே முதல் குற்றவாளி பேட்.

கார் 2001-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர், இரண்டாம் தலைமுறை. நானும் சேர்ந்தால் சுமார் 1,150 கிலோ. இது சின்னக் கார்தானே, பிரேக்குக்கு என்ன பெரிய வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 100 மைலிலிருந்து 50 மைலுக்கு இறங்கினால் இயக்க ஆற்றலில் முக்கால் பங்கு வெளியேற வேண்டும். இரண்டு லிட்டருக்கும் மேலான குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. அதில் பெரும்பகுதியைச் சில நொடிகளில் விழுங்குவது முன்னால் இருக்கும் இரண்டு 255 மி.மீ. டிஸ்க்குகள். அடுத்த வளைவில் மறுபடியும் அதே வேலை.

அன்று காரில் இருந்தது இணையத்தில் விலை பார்த்து வாங்கிய பேட். கடைக்குப் போவதும் பால் வாங்குவதுமாக இருந்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோபத்தில் நேர் எதிர்த்திசைக்குப் போனேன். பந்தயத்துக்கென்றே செய்த பேட் ஒன்றை வாங்கி மாட்டினேன். எந்த நிறுவனம் என்பதை விட்டுவிடுகிறேன், தப்பு அவர்களுடையது அல்ல. நவம்பர் மாதம், ஸ்டாக்போர்ட்டில் மழை, காலை ஏழு மணி, வீட்டிலிருந்து கிளம்பி முதல் ரவுண்டானா. பேட் பனிக்கட்டி போலக் குளிர்ந்திருக்கிறது. மிதித்தேன், கார் மெல்ல யோசித்தது. முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்க விளம்பரத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு நெருங்கிய பிறகே நின்றது. அந்தப் பேடுக்கு 200 டிகிரி சூடு வந்த பிறகுதான் தூக்கம் கலையும். என் அலுவலகப் பாதையில் அந்தச் சூடு ஒருநாளும் வராது. மூன்றே வாரத்தில் கழற்றிவிட்டேன்.

பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். முதல் எழுத்து மிதமான சூட்டில் உள்ள உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பின் அளவு; இரண்டாவது அதிகச் சூட்டில் உள்ளது. எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. ஒரு சின்னத் துண்டை ஆய்வகத்தில் தேய்த்துப் போட்ட மதிப்பெண் அது. ஆறாவது சுற்றில் என்ன ஆகும் என்பதையோ, ஏழு மணி மழையில் என்ன ஆகும் என்பதையோ அது சொல்லாது. நான் தேடியது உச்சப் பிடிப்பை அல்ல. குளிரிலும் சூட்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்துகொள்ளும் பேட் வேண்டும், அவ்வளவுதான்.

அப்படித்தான் ஃபெரோடோ நிறுவனத்தின் டிஎஸ்2500 பேடுக்கு வந்து சேர்ந்தேன். சராசரி உராய்வு 0.42, வேலை செய்யும் வரம்பு 20 முதல் 500 டிகிரி செல்சியஸ் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. முன் சக்கரங்களுக்கான நான்கு பேட்கள் நான் வாங்கியபோது நூறு பவுண்டுக்குச் சற்று மேலே. வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை: இந்தத் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் சில வகைகளுக்கு முன் டிஸ்க் 270 மி.மீ. ஆண்டை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், டிஸ்க்கை அளந்து பாருங்கள்.

இந்தத் தேர்வில் கொஞ்சம் ஊர்ப் பாசமும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். வார இறுதியில் பக்ஸ்டன் பக்கம் போகும்போது நான் கடக்கும் ஊர் சாப்பல்-என்-லே-ஃப்ரித். ஃபெரோடோ வேர்விட்ட ஊர் அது. ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897-இல் தொடங்கிய தொழில். இந்த மலைச் சரிவுகளில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை வைத்துக் கட்டுவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது என்பார்கள். ஃப்ரூட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளோடு ஓர் ‘இ’ சேர்த்துக் கலைத்துப் போட்டால் ஃபெரோடோ. அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, “செருப்பை வைத்தா வண்டியை நிறுத்தினான்?” என்று வெகுநேரம் சிரித்தார்.

மாட்டும் வேலைக்கு வருகிறேன். முன்பக்கம் சுலபம். பேட்களைத் தாங்கி டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிபரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பேட்கள் கைக்கு வந்துவிடும். பேட்டைத் தள்ளும் பிஸ்டனைக் காலிபருக்குள் தள்ளும்போது ஆயில் தொட்டி நிரம்பி வழிகிறதா என்று ஒரு கண் வைத்திருந்தால் போதும். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும்.

பின்பக்கம்தான் ஆளைச் சோதிக்கும். கை பிரேக் பொறி அந்தக் காலிபருக்குள்ளேயே இருப்பதால் பிஸ்டனை அழுத்தித் தள்ள முடியாது. தெரியாமல் பெரிய கிளாம்ப் போட்டு நெருக்கினால் உள்ளே உடைந்துவிடும். காலிபரின் முதுகில் 14 மி.மீ. தலையுள்ள மூடி போல்ட் ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே ஒரு திருகு. 4 மி.மீ. ஆலன் சாவியை விட்டு இடஞ்சுழியாகத் திருகினால் பிஸ்டன் பின்வாங்கும். புதுப் பேட்களை வைத்தபின் வலஞ்சுழியாகத் திருகி, டிஸ்க்கைத் தொட்டதும் மூன்றில் ஒரு சுற்று தளர்த்த வேண்டும். முதல் தடவை இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம் முழுவதும் ஆயிற்று, இரண்டு விரல் முட்டிகளில் தோலும் போயிற்று.

உண்மையான அதிர்ச்சி இடது பின் சக்கரத்தில் காத்திருந்தது. உள் பேட் ஏறக்குறைய இரும்பு வரை தேய்ந்திருக்க, வெளிப் பேட் புதிதுபோல் இருந்தது. காலிபர் எந்த ஊசியின் மேல் சறுக்கி நகர வேண்டுமோ அது துருப்பிடித்து இறுகிவிட்டது. இங்கே குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்பைக் கொட்டுகிறார்கள், அதன் கைவேலை. அந்தப் பின் சக்கரம் சரியாகப் பிடிக்காத ஒவ்வொரு முறையும் அதன் பங்கையும் முன் பேட்களே சுமந்திருக்கின்றன. லாட்ஜ் வளைவில் கருகியதற்கு மலிவு பேட்டை மட்டும் திட்டியது அநியாயம். ஊசியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புது ரப்பர் உறையும் அதற்கென்றே உள்ள கிரீஸும் போட்டபின் விரலால் தள்ளினாலே நகர்ந்தது. கை பட்டது பட்டதுதான் என்று ஆயிலையும் மாற்றினேன். பிரேக் ஆயிலுக்கான டாட் 4 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி வேண்டும். காற்றின் ஈரத்தை உறிஞ்சியபின் 155 இருந்தாலே தேர்ச்சி. காரில் இருந்த ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தது. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 ஊற்றியிருக்கிறேன், புதிதில் அதன் கொதிநிலை 312 டிகிரி.

புதுப் பேட்டை மாட்டியவுடன் பறக்கக் கூடாது. ஞாயிறு விடிகாலை, ஆளில்லாத சாலையில் 60 மைலிலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், பத்து தடவை. பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிட்டேன். பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க் முழுவதும் ஒரே சீராகப் படிய வேண்டும் என்பதற்காக இத்தனையும். சூடான பேட்டை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்து நின்றால் அங்கே திட்டாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மிதி நடுங்கும். டிஸ்க் கோணிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

எப்படி இருக்கிறது? முதல் ரவுண்டானாவிலேயே பிடிக்கிறது, மழையிலும். சாதாரண பேட் போல முதல் தொடுதலிலேயே பாய்ந்து கவ்வாது. எவ்வளவு மிதிக்கிறேனோ அவ்வளவு. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: வளைவுக்குள் நுழையும்போது மிதியைச் சிறிது சிறிதாக விடுவது இப்போதுதான் கைவந்திருக்கிறது, கால்வந்திருக்கிறது என்றே சொல்லலாம். முதல் வாரம் கிறீச்சிட்டது. பேடின் முதுகில் கிரீஸ் தடவ மறந்த என் சோம்பல்தான் காரணம், தடவியதும் அடங்கிவிட்டது. கறுப்புத் தூசு நிறைய வரும். இந்த வகைக் கலவையில் அதைத் தவிர்க்க முடியாது. வெள்ளி நிறச் சக்கரத்தை வாராவாரம் கழுவ மனமில்லாதவர்களும், தடத்துக்கே போகாதவர்களும் இந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. தரமான சாதாரண பேட்டும் இறுகாமல் நகரும் காலிபர் ஊசியும் அவர்களுக்குப் போதும்.

இந்த மே மாதம் மறுபடியும் ஓல்ட்டன் பார்க். இருபது நிமிடங்கள் கொண்ட ஐந்து ஓட்டங்கள். கடைசிச் சுற்றிலும் லாட்ஜ் வளைவில் மிதி முதல் சுற்றில் நின்ற அதே இடத்தில் நின்றது, காரும் நின்றது. வீட்டுக்கு வந்து அளந்தேன், முன் பேட்கள் இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்திருந்தன. அப்பாவிடம் சொன்னேன். “அந்த இடது பின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாயா? மற்றதைப் போலவே சூடாக இருந்ததா?” என்றார். பார்க்கவில்லை. அடுத்த நாள் பக்ஸ்டன் வரை ஓட்டிப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். சூடாகத்தான் இருந்தது.