பையர் மீட்டிங்குக்கு எது தேறும்: ஜூமா, கூகுள் மீட்டா, டீம்ஸா?

திருப்பூரில் சின்ன அளவில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு, பையரோடு, அதாவது ஆர்டர் கொடுத்து வாங்கும் வெளிநாட்டுக்காரரோடு, வீடியோவில் பேசுவதில் பாதி வேலை சாம்பிளைக் காட்டுவதுதான். காலர் தையல், பிரிண்ட் உட்கார்ந்திருக்கும் இடம், ரிப்பின் (கழுத்து, கைப் பட்டியில் வரும் இழுபடும் பின்னல்) இழுவை எல்லாம் ஜெர்மனியில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் ஒப்பீட்டுக் கட்டுரைகளைப் பார்த்தால் 100 பேர் சேரலாம் என்பதைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். 100 பேர் வந்து நமக்கு என்ன செய்யப் போகிறார்கள்?

முதலில் நேரக் கணக்கு. ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான்; 2022 முதல் இரண்டு பேர் மட்டும் பேசினாலும் அதேதான். கூகுள் மீட்டில் இருவர் என்றால் 24 மணி நேரம் வரை போகும், மூன்றாவது ஆள் நுழைந்தால் 60 நிமிடம். இந்தப் பக்கம் முதலாளியும் மெர்ச்சண்டைசரும் (ஆர்டரைக் கவனிக்கிறவர்), அந்தப் பக்கம் பையரும் டிசைனரும் என்று எப்படியும் நாலு பேர் ஆகிவிடும், அதனால் அந்த 24 மணி நேரம் பெயரளவுக்குத்தான். டீம்ஸ் இலவசத்திலும் குழுவுக்கு 60 நிமிடம். ஆனால் பெரிய கம்பெனிகள் பல அவர்களே டீம்ஸ் லிங்க் அனுப்பிவிடுவார்கள், நாம் பிரவுசரில் பெயரை அடித்து உள்ளே போனால் போதும்.

சாம்பிள் காட்டுவதில் என் ஓட்டு ஜூமுக்குத்தான். ஷேர் ஸ்கிரீனில் அட்வான்ஸ்டு என்று போனால் இரண்டாவது கேமராவின் படத்தை அனுப்பலாம். மேஜைக்கு மேலே ஒரு யூஎஸ்பி வெப்கேமைக் கீழ்நோக்கி மாட்டிவிட்டால், டி-ஷர்ட்டை விரித்து, இன்ச் டேப்பைப் பிடித்து நெஞ்சளவைக் காட்டிக்கொண்டே பேசலாம், நம் முகமும் ஓரத்தில் தெரியும். டெக் பேக்கை (அளவு, டிசைன் விவரம் எல்லாம் உள்ள தாளை) ஷேர் செய்தால் பையரே அதன்மேல் கோடு போட்டு பிரிண்ட் எங்கே வரவேண்டும் என்று காட்டுவார். இந்த ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம்.

ரெக்கார்டிங்கும் ஜூம் இலவசக் கணக்கிலேயே கம்ப்யூட்டரில் ஆகும், மீட்டில் அதற்குக் காசு கட்டும் கணக்கு வேண்டும். "நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை" என்று பிறகு மெயில் வரும் தொழிலில் இது சின்ன விஷயமா? ஆனால் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

மீட்டின் பலம், கம்ப்யூட்டரில் எதையும் இறக்க வேண்டாம் என்பது. ஜூமிலும் பிரவுசர் வழி உண்டு, ஆனால் ஆப்பை இறக்கச் சொல்லிவிட்டுத்தான் அதைக் காட்டும். ஐடி துறை பூட்டி வைத்த லேப்டாப்பில் உட்கார்ந்திருக்கும் பையருக்கு இது எரிச்சல். நம்ம ஊர் ஸோஹோ மீட்டிங்கும் பிரவுசரில் ஓடும், ஏற்கெனவே ஸோஹோ மெயில் வைத்திருப்பவர்கள் ஒருமுறை பார்க்கலாம்.

காசு கட்டுவதென்றால் ஜூம் புரோ ஒரு கணக்கு போதும், மீட்டிங்கை நடத்துகிறவருக்குத்தான் கட்டணம், விருந்தாளிக்கு இல்லை. மாதச் சந்தாவாக எடுத்தால் ஆர்டர் இல்லாத மாதங்களில் நிறுத்திக்கொள்ளலாம்.

எந்த ஆப்பாக இருந்தாலும் பின்னணி மங்கலை அணைத்துவிடுங்கள். துணியைக் கேமரா முன் தூக்கிப் பிடித்தால் அதையும் பின்னணி என்று நினைத்து பாதி ஸ்லீவைத் தின்றுவிடும். அப்புறம் நிறம். வெப்கேமின் ஆட்டோ வைட் பேலன்ஸ், வீடியோ கம்ப்ரெஷன், அந்தப் பக்கத்து மானிட்டர் மூன்றும் சேர்ந்தால் நேவி கறுப்பாகவே தெரியும். வீடியோவில் பார்த்து ஓகே என்று பையர் சொன்னாலும் அதை அப்ரூவலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லேப் டிப் (சாயம் போட்ட சின்னத் துணி மாதிரி) கூரியரில் போய், லைட் பாக்ஸில் டி65 என்ற பகல் வெளிச்சத்தில் அவர் பார்த்து, மெயிலில் எழுதிய பிறகு சாயத்துக்குக் கொடுங்கள்.

ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாறும். வாட்ஸாப்பில் "மூன்று மணிக்கு" என்று மட்டும் அடிக்காமல் காலண்டர் இன்வைட்டாக லிங்க்கை அனுப்புங்கள், இரண்டு பக்கமும் அவரவர் நேரம் காட்டும், அதற்குத் தனிக் காசும் இல்லை.