தண்ணீர் டேங்கர் டிரெய்லருக்குப் பின் லைட்: ஐந்து கோடை ஓட்டிய அனுபவம்

வேலூரைப் பற்றிப் பேச்சு வந்தால் சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு என்று ஒரு பட்டியல் போடுவார்கள். கோயிலுக்கு 1981-லேயே சாமி வந்துவிட்டார். ஆற்றில் தண்ணீர் எப்போதாவதுதான் வருகிறது. வராத மாதங்களில்தான் எனக்குப் பிழைப்பு. விரிஞ்சிபுரம் பக்கம் எங்கள் கிணற்றிலிருந்து 5000 லிட்டர் டேங்கரை டிராக்டரில் மாட்டி, கட்டட வேலைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் தண்ணீர் அடிக்கிறேன். பங்குனி பிறந்தால் ஒரு நாளைக்கு எட்டு நடை, சித்திரையில் பத்துகூட ஆகும். பாதி நடை பொழுது சாய்ந்த பிறகுதான்.

5000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் ஐந்து டன். டேங்க் இரும்பு தனிக்கணக்கு. டிரெய்லருக்கென்று பிரேக் கிடையாது. டிராக்டரின் பின் லைட்டை உருண்டை டேங்க் முழுசாக மறைத்துவிடும். பெங்களூர் ரோட்டில் நாம் இருபது, இருபத்தைந்தில் ஊர்ந்துகொண்டிருக்க, பின்னால் வருகிறவன் நூறில் வருவான். அவனுக்கு நாம் இருக்கிறோம் என்று சொல்ல டிரெய்லரின் முதுகில் இருக்கிற இரண்டு சிவப்பு லைட்டைத் தவிர வேறு ஆள் இல்லை. அந்த இரண்டு லைட்டுக்காக இத்தனை வருடத்தில் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

2019-ல் டேங்கரைப் பழசாக வாங்கினேன். பின்னால் இருந்தது சாதா பல்பு, 12 வோல்ட், 21/5 வாட். ஒரே பல்புக்குள் இரண்டு இழை: டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். முதல் வருடம் மாதத்துக்கு ஒரு பல்பாவது மாற்றியிருப்பேன். காலி டேங்க் மேடு பள்ளத்தில் குதிக்கிற குதிக்கு இழை தாங்குவதில்லை. ஹோல்டருக்குள் இருக்கிற ஸ்பிரிங் வேறு துருப்பிடித்துவிடும். வால்வு பின்பக்கம், ஹோஸ் மாட்டுவது பின்பக்கம், மேல் மூடியிலிருந்து வழிவதும் பின்பக்கம். ஆக, லைட்டுக்குத் தினமும் குளியல்தான். அதுவும் நம்ம பக்கத்துத் தண்ணீர், காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கிற தண்ணீர்.

அடுத்த வருடம் ஒரு ராத்திரி. சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் தண்ணீர் இறக்கிவிட்டுக் கிளம்புகிறோம். பின்னால் நின்ற டிரைவர் பையன் கத்தினான். "அண்ணா, பிரேக் புடிச்சா இண்டிகேட்டர் மினுக்குது!" இறங்கிப் போய்ப் பார்த்தேன். பிரேக்கை மிதித்தால் பிரேக் லைட் சரியாக எரியவில்லை. இண்டிகேட்டர் பல்பு ஒன்று மட்டும் மங்கலாக, செத்துப் பிழைத்த மாதிரி எரிகிறது. டெயில் லைட்டைப் போட்டால் அதுவும் அணைந்துவிடுகிறது.

மறுநாளே புது பல்பு வாங்கினேன். சரியாகவில்லை. ஹோல்டர் மாற்றினேன். சரியாகவில்லை. கடைசியில் லைட் செட்டையே புதுசாக வாங்கிப் போட்டேன். ஒரு நாள் எரிந்தது, மறுபடி அதே மினுக்கல். அப்புறம்தான் எங்களுக்கு எப்போதும் பார்க்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாயிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் லைட்டைக் கழற்றக்கூட இல்லை. ஒரு நீள ஒயரை எடுத்து, ஒரு முனையை டிராக்டர் பேட்டரியின் மைனஸில் வைத்து, மறு முனையை லைட்டின் இரும்புச் சட்டத்தில் தொட்டார். பளிச்சென்று எரிந்தது.

"இன்னா தம்பி, லைட்டு நல்லாத்தான் கீது. கரண்டு திரும்பிப் போறதுக்குத்தான் வழி இல்ல" என்றார்.

என் டிரெய்லருக்கு எர்த் ஒயரே கிடையாது. பழைய வண்டிகளில் அப்படித்தான். ஒயர் எல்லாம் பிளஸ்ஸுக்கு மட்டும். மைனஸ், இரும்புச் சட்டம் வழியாகப் போய், கொக்கிப் பின் வழியாக டிராக்டருக்குத் திரும்ப வேண்டும். கொக்கியில் துரு, பெயின்ட், சேறு. அதற்கு மேல் நான் வாராவாரம் அக்கறையாகப் பூசுகிற கிரீஸ். வண்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டதால்தான் லைட் எரியவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் நின்றுவிடாது, பக்கத்து வாய்க்காலில் ஏறும். கரண்டும் அப்படித்தான். பிரேக் பல்புக்கு வந்த கரண்டு நேர்வழியில் திரும்ப முடியாமல், இண்டிகேட்டர் பல்புக்குள் தலைகீழாக நுழைந்து, அந்த ஒயர் வழியாக வெளியேறப் பார்க்கிறது. இரண்டு பல்பையும் வரிசையாகத் தாண்டுவதால் இரண்டும் அரைகுறையாக எரிகிறது. டிரெய்லர் லைட்டில் ஒன்றைப் போட்டால் இன்னொன்று எரிகிற விசித்திரம் எதைப் பார்த்தாலும், பல்புக் கடைக்குப் போவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு லைட் செட்டும் ஏழெட்டு பல்பும் செலவாயின.

பாயிடம் பிறகு கற்ற இன்னொரு விஷயம் மீட்டர் பற்றியது. என் டிஜிட்டல் மீட்டரை வைத்துப் பார்த்தால் லைட் முனையில் 12 வோல்ட் காட்டும். பல்பைப் போட்டால் எரியாது. மண்டை காயும். விஷயம் என்னவென்றால், மீட்டர் குடிக்கிற கரண்டு ஒன்றுமே இல்லை. செம்பு ஒயரில் பச்சைக் களிம்பு ஏறி இரண்டே இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டருக்கு அது போதும், முழு வோல்ட் காட்டிவிடும். 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் கேட்கும்போதுதான் குட்டு உடையும். அதனால் இப்போது டூல்ஸ் பெட்டியில் ஒரு பழைய 21 வாட் பல்பில் இரண்டு ஒயரை சால்டர் வைத்துப் போட்டிருக்கிறேன். சோதனை அதில்தான். அது பளிச்சென்று எரிந்தால் லைன் நல்ல லைன், மங்கினால் எங்கேயோ களிம்பு. மீட்டரைப் பயன்படுத்துவதானால் லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும்.

அந்த வருடமே முழு ஒயரிங்கையும் பிடுங்கிப் புதுசாக இழுத்தோம். எர்த்துக்குத் தனியாக 2.5 ஸ்கொயர் (செம்பின் தடிமன், சதுர மில்லிமீட்டர் கணக்கு) ஒயர், மற்றதெல்லாம் 1.5. இந்த வேலைக்கு 0.75 போதும் என்று கடையில் சொன்னார்கள். போதாது. டிராக்டர் பேட்டரியிலிருந்து டேங்க் முதுகு வரை எட்டு மீட்டர், திரும்ப எட்டு மீட்டர். இரண்டு பிரேக் பல்பு எரிந்தால் அந்தச் சன்ன ஒயர் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தின்றுவிடும். இரண்டு லைட்டின் எர்த்தும் சட்டத்தில் திருகாமல் ஒயரிலேயே சேர்ந்து, டிராக்டரோடு மாட்டுகிற பிளக் வரை வருகிறது. டிராக்டர் பக்கம் டிரெய்லருக்கென்று தனி ஃபியூஸ்.

பிளக் ஏழு பின் வகை. 12 வோல்ட் டிரெய்லர் பிளக்குக்கு ஐ.எஸ்.ஓ 1724 என்று ஒரு கணக்கு இருக்கிறது: 1 இடது இண்டிகேட்டர், 3 எர்த், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது டெயில், 6 பிரேக், 7 இடது டெயில். 2-ஆம் பின் பனி லைட்டுக்கு. நமக்கு அது எதற்கு? ராத்திரியில் வால்வைத் திறக்க ஒரு சின்ன லைட்டை அதில் கொடுத்துக்கொண்டேன். நம்ம கடைகளில் கிடைக்கிற கேபிளில் நிறம் ஒரு முறை வந்த மாதிரி அடுத்த முறை வராது. நிறத்தை நம்பாமல் எண்ணை நம்புங்கள். எந்த எண்ணில் எந்த நிறம் என்று பிளக் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.

எல்.இ.டி.க்கு மாறியதும் அப்போதுதான். ஐபி 67 என்று போட்ட சீல் வகை, ஜோடி 900 ரூபாய் சில்லறை. 6 என்றால் தூசி புகாது, 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். மாட்டியவுடன் இண்டிகேட்டர் பேய் பிடித்த மாதிரி வேகமாக அடித்தது. இண்டிகேட்டரை மினுக்க வைக்கிற பழைய ஃபிளாஷர், எல்.இ.டி. குறைவாகக் கரண்டு குடிப்பதைப் பார்த்து, பல்பு ஒன்று ஃபியூஸ் போனதாக நினைத்துக்கொள்கிறது. எல்.இ.டி. ஃபிளாஷர் போட்டதும் சரியாகிவிட்டது.

அரை மணி நேரக் கணக்கை பாலாறே சோதித்துப் பார்த்தது. 2021 நவம்பரில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது ஊருக்கே தெரியும். எங்கள் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறி, டிரெய்லர் இரண்டு நாள் லைட்டுக்கு மேல் முழுகி நின்றது. வடிந்த பிறகு சேற்றைக் கழுவி, பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் எரியவில்லை. சரி, 900 ரூபாய் ஆற்றோடு போயிற்று என்று நினைத்தேன். சோதனை பல்பை வைத்துப் பார்த்தால், போனது லைட் இல்லை. நடுவில் ஒயர்களைச் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் டேப் சுற்றி வைத்திருந்தேனே, அந்த இணைப்பும் பிளக்கும்தான். டேப்பைப் பிரித்தால் உள்ளே சேறு. ஒயரின் தோலை இரண்டு அங்குலம் சீவியும் செம்பு கறுப்பாகவே இருக்கிறது. திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறிப் போயிருக்கிறது. பளபள என்று செம்பு தெரிகிற வரை வெட்டிக்கொண்டே போனேன், அரை அடி போயிற்று. லைட் இரண்டையும் நேரே பேட்டரியில் தொட்டால் ஜம்மென்று எரிந்தது.

படகு ஏற்றுகிற டிரெய்லர்காரர்களுக்கு இது அன்றாடம். டிரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னால் இறக்கித்தான் படகை விட வேண்டும். அவர்கள் இறக்குவதற்கு முன் லைட் பிளக்கைக் கழற்றிவிடுவார்கள். பிரேக்கை மிதித்து மிதித்துச் சூடாகியிருக்கிற பல்பு குளிர்ந்த தண்ணீரில் பட்டால் வெடிக்கும். வெடிக்காவிட்டாலும், உள்ளே சூடான காற்று சட்டென்று சுருங்கி, இருக்கிற சந்து வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். என் பழைய பல்பு செட்டில் எப்போதும் கால் டம்ளர் தண்ணீர் நின்றதன் காரணம் இதுதான் போலிருக்கிறது. நான் வேறு அறிவாளித்தனமாகச் சுற்றிலும் சிலிக்கான் பூசி, அடியில் இருந்த வடிகால் ஓட்டையையும் அடைத்திருந்தேன். அந்த சிலிக்கானும் காடி நாற்றம் அடிக்கிற வகை. அதிலிருந்து கிளம்புகிற அமிலம் செம்பைத் தின்னும். வாங்குவதானால் நாற்றமில்லாத நியூட்ரல் வகை வாங்குங்கள்.

இப்போது டப்பா கிடையாது. ஒயரை ஒயரோடு சால்டர் வைத்து, உள்ளே பசை இருக்கிற, சூட்டில் சுருங்குகிற ஹீட் ஷ்ரிங்க் டியூபை ஏற்றிச் சூடு காட்டுகிறேன். முனையில் பசை பிதுங்கி வெளியே தெரிந்தால்தான் அது ஒட்டியதாகக் கணக்கு. வெறும் டேப் வேலூர் வெயிலுக்கு இரண்டு மாதத்தில் பசை உருகிப் பிரிந்து வால் மாதிரி தொங்கும். டியூபுக்குள் போட்ட இணைப்பை வெள்ளத்துக்குப் பிறகு ஒரு தடவைகூடத் தொடவில்லை.

எல்.இ.டி. சாகவே சாகாது என்று நினைக்க வேண்டாம். முதல் ஜோடியைக் கொன்றது தண்ணீர் இல்லை, வெல்டிங். டேங்க் அடியில் ஒரு விரிசலை அடைக்கப் பட்டறையில் விட்டிருந்தேன். வெல்டிங் எர்த் கிளிப்பை எங்கோ தூரத்தில் கடித்துவிட்டு அடித்திருக்கிறார்கள். பிளக்கும் டிராக்டரோடு மாட்டியபடியே. திரும்பி வரும்போது இரண்டு லைட்டும் அவுட். அவர்களைக் கேட்டால் "லைட்ட நாங்க தொடவே இல்லையே" என்கிறார்கள். உண்மைதான், அவர்கள் தொடவில்லை. வழி தேடிய வெல்டிங் கரண்டுதான் லைட்டைத் தொட்டிருக்கிறது. அன்றிலிருந்து பட்டறை வாசலிலேயே பிளக்கைக் கழற்றி, பேட்டரி மைனஸையும் எடுத்துவிட்டுத்தான் வண்டியை உள்ளே விடுகிறேன்.

எலி ஒரு தனிக்கதை. ஃபிளெக்சிபிள் குழாய்க்குள் ஒயரை விட்ட பிறகு குறைந்திருக்கிறது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மாதம் ஒரு தடவை பிளக்கைக் கழற்றி, பின்களைச் சன்னமான உப்புத்தாளால் துடைத்து, வாசலைன் தொட்டு மாட்டுவேன். லைட் கண்ணாடியில் படிகிற வெள்ளை உப்புக்கு அரை மூடி எலுமிச்சை போதும், தேய்த்துக் கழுவினால் போய்விடும். ஆயுத பூஜைக்கு வாங்குகிற பழத்தில் சக்கரத்துக்கு வைத்தது போக மிச்சம் இதற்குத்தான். அன்றைக்கே மழைக்கு முந்தைய முழுச் சோதனையும் முடிந்துவிடும். ஒரே சிக்கல், எங்கள் வீட்டில் லைட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். சிவப்பு லைட்டின் நட்டநடுவில். மறுநாள் முதல் நடைக்கு முன் துடைக்க மறக்கக்கூடாது. பொங்கலுக்குப் பிள்ளைகள் டெயில் லைட் ஒயரிலிருந்து சீரியல் செட்டுக்குக் கரண்டு இழுத்து ஃபியூஸை எரித்த வருடமும் உண்டு.

சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப்பையும் சேர்த்து ஒட்டுங்கள். லைட்டுக்குப் பதில் இல்லை, ஆனால் அதற்குக் கரண்டு வேண்டாம், எர்த் வேண்டாம். ஒட்டுவதற்கு முன் இரும்பைத் தின்னர் போட்டுத் துடைக்காவிட்டால் ஒரே மழையில் உரிந்து வந்துவிடும்.

இன்றைய நிலவரம்: இரண்டாவது ஜோடி எல்.இ.டி. ஓடிக்கொண்டிருக்கிறது. வலது பக்கத்தில் மூன்று புள்ளி எரியவில்லை, இடது பக்கத்தில் கண்ணாடி வெயிலுக்கு மஞ்சளடித்து மங்கிவிட்டது. புது ஜோடி வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒயரும் எர்த்தும் அதேதான், மாற்ற வேண்டியது நான்கு போல்ட்டும் இரண்டு லைட்டும் மட்டும். நாளைக்கு மண்டபத்துக்கு ஆறு நடை இருக்கிறது, அது முடிந்ததும் மாட்டிவிடலாம் என்று பையன் சொல்கிறான். ஆறு நடையில் மூன்று இருட்டின பிறகுதான். காலையிலேயே மாட்டச் சொல்லியிருக்கிறேன்.