திருமலையில் (திருகோணமலை) கிடைக்கும் 555 கோச்சி (ரயில்) ஹோர்ன் கிட்: வாங்கலாம், அப்படியே பொருத்தக்கூடாது

ரேடியோ, டீவி உதிரிப்பாகக் கடைகளில் பெயர் அச்சிடாத பையில் வரும் மாதிரி ரயில் ஹோர்ன் கிட் இது. ஒரே போர்டில் தொனிக்கு ஒன்றாக இரண்டு 555 டைமர் ஐசி, ஒரு எல்எம்386 அம்ப்ளிஃபயர், விசிலுக்கு பிசி547 ட்ரான்சிஸ்டர், 27 மில்லிமீற்றர் ஸ்பீக்கர். போர்டு நல்ல தரம்; கழற்றி மறுபடி சொல்டர் பண்ணினாலும் செம்புத் தடம் பெயர்வதில்லை. குறையெல்லாம் கூட வரும் பாகங்களில்தான்.

முதலில் சுருதி. டீசல் எஞ்சினின் இரட்டைத் தொனிக்கு 311, 370 ஹேர்ட்ஸ் நன்றாகப் பொருந்தும். கிட்டில் உள்ள 47 கிலோஓம் பிரீசெட்டை (திருகித் திருத்தும் சிறு ரெசிஸ்டர்) மயிரளவு திருப்பினாலே தொனி எங்கோ போய்விடும். அதை எடுத்துவிட்டு 15 கிலோஓம் ரெசிஸ்டரையும் 10 கிலோஓம் பிரீசெட்டையும் தொடராகப் போடுங்கள். மேல் ரெசிஸ்டர் (நேர் வழங்கலுக்கும் 555இன் ஏழாம் காலுக்கும் இடையே உள்ளது) 1 கிலோஓம், கொண்டென்சர் 0.1 மைக்ரோபரட் என்றால் 282 முதல் 464 ஹேர்ட்ஸ் வரை கிடைக்கும். பிரீசெட் 311க்கு ஏறத்தாழ 7.7 கிலோஓமிலும், 370க்கு 4 கிலோஓமிலும் நிற்கும். கூட வரும் கொண்டென்சர் செரமிக் தட்டு. நம்மூர் வெயிலில் அதன் அளவு மாறி, காலையில் சேர்த்த சுருதி மத்தியானம் விலகிவிடும். மைலார் 104 (அதே 0.1 மைக்ரோபரட்) போடுங்கள்.

இரண்டு தொனியும் ஒன்றையொன்று இழுத்து கரகரத்தால் காரணம் மின்வழங்கல். 555 நிலைமாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் பெரிய மின்னோட்டத்தை இழுக்கும். ஒவ்வொரு 555இன் மின்வழங்கல் கால்களுக்கு இடையே 0.1 மைக்ரோபரட் கொண்டென்சர், ஐந்தாம் காலிலிருந்து தரைக்கு (வழங்கலின் எதிர்முனைக்கு) 0.01, இரண்டுக்கும் பொதுவாக 100 மைக்ரோபரட் வேண்டும். கிட்டில் இவை இல்லை என்பது எனக்குப் பெரிய ஏமாற்றம். மிக மலிவான பாகங்கள் இவை.

ஒரு சிறிய சேர்க்கை ஹோர்னுக்கு உயிர் கொடுக்கும். ஐந்தாம் காலுக்கும் நேர் வழங்கலுக்கும் இடையே 10 மைக்ரோபரட் போட்டால் (நேர்முனை வழங்கலுக்கு), பொத்தானை அழுத்தியதும் தொனி தாழத் தொடங்கி மேலேறும், குழலில் காற்றழுத்தம் ஏறுவதைப் போல. பொத்தான் 555களுக்கு மட்டும் மின் கொடுக்கட்டும். விடும்போது ஐந்தாம் கால் தரைக்குக் கீழே போகாதிருக்க அந்தக் காலுக்கும் தரைக்கும் இடையே ஒரு 1என்4148 டயோட் வையுங்கள், கதோட்டு (கோடு போட்ட முனை) காலின் பக்கம்.

555 தருவது ஏழு வோல்ற்றுக்கு மேல். எல்எம்386 உள்ளீடு தாங்குவது 0.4 வோல்ற். ஆகவே தொனிக்கு ஒரு 100 கிலோஓம் வழியாக இணைத்து, அவை சேரும் சந்தியிலிருந்து தரைக்கு 2.2 கிலோஓமும் 0.047 மைக்ரோபரட்டும் போடுங்கள். சதுர அலையின் கூர்மையும் மழுங்கும். 27 மில்லிமீற்றர் ஸ்பீக்கரால் 311 ஹேர்ட்ஸைச் சரியாகத் தர முடியாது. 3 அங்குல, 8 ஓம் ஸ்பீக்கரை மூடிய பெட்டியில் வைத்து தண்டவாளத்தின் பக்கத்தில் மறையுங்கள்.

விசில் பகுதி 9 வோல்ற் பற்றரியில் நம்பத்தக்கதல்ல. நீராவி இரைச்சல் பிசி547இன் அடி-உமிழி சந்தி தலைகீழாக உடைவதிலிருந்து வருகிறது. பற்றரி சற்று இறங்கினாலே அது நின்றுவிடும். 12 வோல்ற் அடப்டர் எடுத்து, ட்ரான்சிஸ்டருக்கு நேராகவும் மற்றவற்றுக்கு 7809 (9 வோல்ற் ரெகுலேட்டர்) வழியாகவும் கொடுங்கள். தண்டவாளத்திலிருந்து மின் எடுக்க வேண்டாம்: வண்டி மெதுவாகும்போது ஹோர்ன் செத்துவிடும், திசை மாறினால் முனைகளும் மாறும்.

எல்லாம் சரிபார்த்தபின் சொல்டர் பக்கத்துக்கு வார்னிஷ் பூசுங்கள். கடற்காற்றில் செம்பு சீக்கிரம் பச்சை பிடிக்கும்.