கலிஃபோர்னியா ஆன்லைன் வாக்காளர் பதிவு: வேகம் சரி, கட்சிப் பகுதி குழப்பம்

ஓட்டுநர் உரிம எண், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி 4 இலக்கம் கையில் இருந்தால் பதிவு சட்டென்று முடியும். சறுக்குவது, எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்று கேட்கும் பகுதியில்தான். எந்தக் கட்சியையும் சாராதவருக்கு உரியது ‘நோ பார்ட்டி பிரிஃபரன்ஸ்’. ‘அமெரிக்கன் இண்டிபெண்டன்ட்’ தனிக் கட்சி. பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம். படிவத்தில் ஒரு வரி எச்சரிக்கை போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆளுநர், சட்டமன்றத்துக்கான முதற்கட்டத் தேர்தல்களில் (பிரைமரி: இறுதிப் போட்டிக்கு வேட்பாளர்களைத் தேர்ந்தெடுப்பது) கவலையில்லை: கட்சி எதுவானாலும் ஒரே வாக்குச்சீட்டு, முதல் 2 பேர் நவம்பர் இறுதித் தேர்தலுக்கு. அதிபர் முதற்கட்டம் வேறு. கட்சி சாராதவருக்குத் தபாலில் வரும் சீட்டில் அதிபர் போட்டியே இருக்காது. 2024இல் ஜனநாயகக் கட்சிச் சீட்டைக் கேட்டு வாங்க முடிந்தது. குடியரசுக் கட்சிக்கு, அக்கட்சியில் மறுபதிவு மட்டுமே வழி. பதிவுக்கு வழக்கமான கெடு தேர்தலுக்கு 15 நாள் முன்பு. தவறினால் தேர்தல் நாளிலும் நேரில் பதியலாம்.